லேன் கார்டின் வரலாறும் ஒரு பழைய பாக்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் ஒரு பாக்கி தீர்க்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆன்லைன் விண்ணப்பம், பில் கட்டுவது, ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என்று அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் அவன் குடும்பம் ஓடுகிறது. "மாமா, ராத்திரி இடி மழை. காலையில இருந்து நெட் வரல. டைப் அடிக்குது, பிரிண்ட் வருது, நெட் மட்டும் இல்ல. கடையில பார்த்துட்டு மதர்போர்டு போச்சுன்னு சொல்றாங்க. இந்த போர்டு இப்போ வர்றதில்லையாம். புதுசு போட்டா பிராசசர், ரேம் எல்லாம் சேர்த்து மாத்தணுமாம். பதினாலாயிரம் சொல்றாங்க" என்றான். குரலே சரியில்லை.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உள்ளே ஸ்லாட் ஏதாவது காலியா இருக்காப்பா?"

வரலாற்று வாத்தியாருக்கு ஸ்லாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது தெரிய வந்த விதம் அவ்வளவு பெருமைப்படும்படியானது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு.

1973-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம். அங்கே ஆல்டோ என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு லேசர் பிரிண்டர் என்பது திட்டம். அவற்றை எப்படி இணைப்பது? ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர் அந்த ஆண்டு மே 22-ஆம் தேதி ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினார். எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் தொங்கும். ஒன்று பேசும்போது மற்றவை கேட்கும். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இரண்டுமே சற்றுப் பொறுத்து மறுபடி பேசும். நம் வகுப்பறையில் நடக்க வேண்டிய ஒழுங்கு! ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹா நெட் முறையிலிருந்து வளர்ந்த யோசனை இது.

அதற்கு அவர் வைத்த பெயர் ஈதர்நெட். வெற்றிடம் எங்கும் ஈதர் என்ற ஒன்று நிறைந்திருக்கிறது, அதன் வழியாகத்தான் ஒளி பயணிக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். அப்படி ஒன்று இல்லை என்று பின்னால் தெரிந்தது. இல்லாத ஒன்றின் பெயர் இன்று உங்கள் வீட்டு ரவுட்டரின் முதுகில் இருக்கிறது. மெட்காஃபும் டேவிட் பாக்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து அதை ஓட வைத்தார்கள். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட்.

1979-இல் மெட்காஃப் ஜெராக்ஸை விட்டு வெளியே வந்து த்ரீகாம் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டின் விதிமுறையை வெளியிட்டன. 1983-இல் அது பொதுத் தரமாகவே ஏற்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அந்த விதிப்படி கருவி செய்யலாம் என்று ஆனது.

இது கதையின் ஒரு பாதி. இந்த ஈதர்நெட் சாதாரண மனிதரின் கணினிக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பது மறுபாதி.

1977-இல் ஆப்பிள் டூ கணினி வந்தது. அதை வடிவமைத்தவர் ஸ்டீவ் வோஸ்னியாக். உள்ளே எட்டு ஸ்லாட் வைத்தார். பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதுமே என்றாராம் கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸ். வோஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சண்டையைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எட்டும் நின்றது. அதில் வோஸ்னியாக் கற்பனையே செய்திராத அட்டைகளையெல்லாம் யார் யாரோ செய்து செருகினார்கள்.

நம் ஊரில் வீடு கட்டும்போது மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விடுகிறோமே, அது எதற்கு? இன்றைக்குப் பணம் இல்லை, நாளை பிள்ளை தலையெடுத்து மாடி கட்டட்டும் என்றுதானே? பார்க்க அழகாக இருக்காது. மழையில் துருப்பிடிக்கும். ஆனாலும் வெட்ட மாட்டோம். ஸ்லாட் என்பது அந்தக் கம்பிதான்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. உள்ளே ஐந்து ஸ்லாட். அந்த மதர்போர்டில் கீபோர்டுக்கும் கேசட்டுக்கும் மட்டும்தான் இணைப்பு இருந்தது. திரை வேண்டுமா, ஓர் அட்டை. ஃப்ளாப்பி வேண்டுமா, இன்னோர் அட்டை. அதோடு, ஸ்லாட்டின் எந்தக் கம்பியில் என்ன சிக்னல் வரும் என்பதைக் கையேடாகவே அச்சிட்டு விற்றது ஐபிஎம். அதைப் படித்த யாரும் அட்டை செய்யலாம்.

மெட்காஃபின் கம்பெனி 1982-இல் அந்த ஸ்லாட்டுக்கு ஓர் அட்டை செய்தது. பெயர் ஈதர்லிங்க். ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் ஈதர்நெட் அட்டை அதுதான். விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். பிசியின் ஆரம்ப விலையே 1,565 டாலர் என்பதை நினைத்துப் பாருங்கள். மாட்டின் விலையில் பாதிக்கு மேல் மணிக்கு! ஆனாலும் அலுவலகங்கள் வாங்கின. பத்துப் பேர் ஒரே பிரிண்டரையும் ஒரே டிஸ்க்கையும் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது.

பின்பு விலை இறங்கிய கதை. 1980-களின் பிற்பகுதியில் நாவெல் நிறுவனத்தின் என்இ 2000 என்ற அட்டையைப் பார்த்து ஆளாளுக்கு நகல் செய்தார்கள். "என்இ 2000 கம்பாட்டிபிள்" என்று பெட்டியில் போட்டிருந்தால் போதும், தைரியமாக வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1990-இல், டெலிபோன் கம்பி போல முறுக்கிய கம்பியில் ஈதர்நெட் ஓடுவதற்கான தரம் வந்தது. அதுவரை கோஆக்ஸியல் கேபிளில் ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். இனி ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினி மட்டும்தான் நிற்கும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நம் பையன்களைக் கேளுங்கள். அட்டையில் குட்டிக் குட்டி ஜம்பர்களை மாற்றி மாற்றிப் போட்டு, சவுண்ட் கார்டோடு சண்டை வராமல் லேன் கார்டை ஓட வைப்பதற்குள் ஒரு பகல் போய்விடும் என்பார்கள்.

அந்தத் தலைவலியைத் தீர்த்தது 1992-இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ ஸ்லாட். அட்டையைச் செருகினால் கணினியே அடையாளம் கண்டு இடம் ஒதுக்கிக்கொள்ளும். தைவானின் ரியல்டெக் கம்பெனி அந்த ஸ்லாட்டுக்கு ஆர்டிஎல் 8139 என்ற மலிவான சிப்பைச் செய்தது. நண்டுப் படம் போட்ட சிப் அது. ஆயிரம் டாலருக்கு விற்ற சங்கதி நம் ஊர்க் கடைகளில் இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது.

இவ்வளவு மலிவானதும், எல்லோருக்கும் வேண்டும் என்றானதும், மதர்போர்டு செய்பவர்கள் யோசித்தார்கள். எதற்குத் தனி அட்டை? அதே சிப்பை போர்டிலேயே பற்றவைத்துவிடலாமே! 1998-இல் வந்த ஆப்பிளின் ஐமேக்கில் ஈதர்நெட் உள்ளேயே இருந்தது. 2000-இல் இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே அதன் பெரும்பகுதியைச் சேர்த்தது. சில ஆண்டுகளில் 'ஆன்போர்டு லேன்' இல்லாத போர்டே இல்லை என்றானது. விலை குறைந்தது, வேலை குறைந்தது. நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அட்டையில் இருந்தாலும் போர்டில் இருந்தாலும் பல நேரம் அதே நண்டுச் சிப்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அட்டை கெட்டால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி வீசிவிடலாம். போர்டில் பற்றவைத்தது கெட்டால், "போர்டே போச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

இனி என் கதை.

2008 ஐப்பசி. நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளி. கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு எடுக்க யாரும் முன்வராததால் அது என் தலையில் விழுந்தது. லேபில் எட்டு கணினிகள். அலுவலகத்திலிருந்து லேபுக்கு மைதானத்தின் மேலாக ஒரு நெட்வொர்க் கேபிள் போகும். ஓரிரவு பக்கத்துத் தென்னை மரத்தில் இடி விழுந்தது. காலையில் பார்த்தால் ஸ்விட்ச் கருகிக் கிடக்கிறது. மூன்று கணினிகளில் நெட்வொர்க் இல்லை.

மின்னல் நேராகக் கணினி மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே வெட்டவெளியில் ஓடும் நீளமான கம்பியில் மின்சாரம் தூண்டப்படும். கேபிள் செருகும் இடத்துக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் காவல் நிற்கிறது. 1,500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. அதையும் மீறி வந்தால் முதல் பலி அந்த நெட்வொர்க் சிப்தான். பல நேரம் அடி அதோடு நின்றுவிடும், மீதியெல்லாம் நன்றாகவே இருக்கும். இது எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் 'மின்னல் அடித்த மெஷின்' என்பதுதான். பிள்ளைகள் தொடும் பொருளாயிற்றே என்ற பயம்.

பிளஸ் ஒன் படித்த ஒரு பையன் மூன்றையும் ஆன் செய்து பார்த்துவிட்டு வந்தான். "சார், ஆன்போர்டு லேன் மட்டும்தான் போயிருக்கு சார். உள்ள பிசிஐ ஸ்லாட் ரெண்டு காலியா இருக்கு. ஒரு லேன் கார்டு போட்டா ஓடும் சார். இருநூறு ரூபாதான்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரிய இன்ஜினியர் வந்துட்டாரு. போய்ப் படிக்கிற வேலையைப் பாரு. பள்ளிக்கூடச் சாமான்ல கை வெச்சே, டிசியைக் கையில குடுத்துடுவேன்." நாற்பது பிள்ளைகள் முன்னால். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தான்.

மூன்றையும் பயன்பாட்டுக்கு உதவாதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய மேசை நாற்காலிகளோடு சேர்ந்து அவை எடைக்குப் போயின. நெட்வொர்க்கே இல்லாவிட்டாலும் செய்முறைப் பயிற்சிக்கு அவை போதும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது என்பார்களே, அதைத்தான் செய்தேன். மிச்சம் ஐந்து கணினி. ஒரு கணினிக்கு நான்கைந்து பேர். இடித்துப் பிடித்து முன்னால் உட்கார்ந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பையன் எப்போதும் பின்னால்தான் நிற்பான். புதிய கணினிகள் வந்தபோது அந்த செட் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து, மருமகளுக்கு ஒரு விண்ணப்பம் போட பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உட்கார்ந்த இடத்தில் பழைய கேபினெட் ஒன்று. பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் ஓர் எண். நம் பள்ளி இருப்புப் பதிவேட்டு எண். என் கையெழுத்தில் போன மூன்றில் ஒன்று. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். கேபிள், பழைய ஓட்டையில் இல்லை. கீழே ஸ்லாட்டில் ஒரு தனிக் கார்டு, அதில் செருகியிருந்தது. பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

கடைக்காரரிடம் கேட்டேன். "காயலான் கடையில எடுத்தது சார். லேன் மட்டும்தான் போயிருந்துச்சு. ஒரு கார்டு போட்டேன், ராஜா மாதிரி ஓடுது" என்றார். அந்தப் பையன் சொன்ன அதே சொற்கள். நான் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த ஸ்லாட் சும்மா வந்ததில்லை, எட்டு வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றதால் வந்தது, கம்பிக்குக் கம்பி விவரம் வெளியிட்டதால் வளர்ந்தது என்று தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் கற்ற பாடம். எல்லாம் தெரிந்தவன் ஸ்லாட் வைக்க மாட்டான். 'எனக்குத் தெரியாதது ஒன்று நாளை வரும், அதை வேறொருவன் கொண்டுவருவான்' என்று நினைப்பவன்தான் இடம் விட்டு வைப்பான். என் வகுப்பில் அன்று அந்த இடம் இல்லை.

சரி, தங்கை மகன் கதைக்கு வருகிறேன். அவன் கேபினெட்டைத் திறந்து போட்டோ அனுப்பினான். கிராஃபிக்ஸ் கார்டு போடும் நீள ஸ்லாட்டுக்குக் கீழே ஒரு குட்டி ஸ்லாட் காலியாக இருந்தது. 2003 வாக்கில் பழைய பிசிஐக்குப் பதிலாக வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் அது. அதற்குரிய கார்டு எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. உங்களுக்கும் உதவும் என்பதால் அவனுக்குச் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகப்படுங்கள். அதே கேபிளை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்து, இங்கே செருகும் இடத்தில் விளக்குகூட எரியாவிட்டால், சிப்தான் போயிருக்கப் பெரிதும் வாய்ப்பு. பிறகு பயாஸ் செட்டிங்கில் ஆன்போர்டு லேனை அணைத்துவிடுங்கள். செத்தது பாதி உயிரோடு இருந்து தொல்லை கொடுக்கும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு கார்டை எடுங்கள். ஓரங்களை மட்டும் பிடித்து, நேராக வைத்து அழுத்துங்கள். ஸ்க்ரூ போட மறக்காதீர்கள். டிரைவர் கேட்டால் அதை வேறொரு கணினியிலோ போனிலோ இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். நெட் இல்லாத கணினியில் நெட்டிலிருந்து எப்படி இறக்குவது!

இன்னொன்று. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறப்பிலேயே 48 பிட் நீளத்தில் ஒரு முகவரி உண்டு. கார்டு மாறினால் முகவரியும் மாறும். அவன் பில் போடும் சாஃப்ட்வேர் பழைய முகவரியோடு பூட்டப்பட்டிருந்ததால் திறக்க மறுத்தது. விற்றவரிடம் பேசி லைசென்ஸை மாற்றி வாங்க ஒரு நாள் ஆனது. நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர்களில் சிலரும் இப்படி முகவரியைப் பதிந்து வைத்திருப்பார்கள். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் தங்கை மகன் கடை திறந்துவிட்டான். பதின்மூவாயிரத்துக்கு மேல் மிச்சம். "மாமா, பச்சை லைட் எரியுது" என்று வீடியோ அனுப்பினான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மடிக்கணினிக்காரர்கள் "எங்களுக்கு ஸ்லாட்டே இல்லையே சார்" என்பீர்கள். உண்மைதான். 2008-இல் வந்த மேக்புக் ஏரில் நெட்வொர்க் கேபிள் செருகும் இடமே கிடையாது. ஆனால் யுஎஸ்பி இருந்தது. அதில் செருகும் குட்டி அடாப்டரையும் ஆப்பிளே விற்றது. உள்ளே மூடிய வாசல் வெளியே திறந்தது. உங்கள் மடிக்கணினியில் நெட்வொர்க் போனாலும் அந்த அடாப்டரே போதும். வாங்கும்போது எத்தனை ஜிபி என்று கேட்கிறோம். எத்தனை வாசல் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

அந்த 2008 பிளஸ் ஒன் பையனுக்கு: தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வோர் ஆசிரியர் தினத்துக்கும் வாழ்த்து அனுப்புகிறாய். ஒரு முறைகூட அந்த நாளைப் பற்றி நீ கேட்டதில்லை. நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. நாற்பது பேர் முன்னால் சொன்ன தப்பை, அந்த நாற்பது பேரில் பலர் படிக்கும் இடத்தில் ஒப்புக்கொள்வதுதான் முறை. மன்னித்துவிடப்பா.

இப்போது வகுப்பெடுக்கும் என் மாணவ ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் நிற்கும் பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால், கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. இடி மழை தொடங்குவதற்கு முன்பே பவர் ப்ளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்